ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை

நாம் குடியிருக்கும் தெருவில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். பெயர்கள் வேண்டா.

முதல் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. "தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும், வயிற்றைக் காயப்போடு" என்றார் வீட்டுப் பெரியவர். இளந்தாய் அவ்வாறே செய்தாள். மறுநாள் மாலைக்குள் குழந்தையின் கண்கள் குழிவிழுந்தன, நாக்கு வறண்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே செவிலியர் முதலில் கையிலெடுத்தது ஒரு குவளை நீரும் ஒரு பொட்டலப் பொடியும்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த அந்நீரை ஒவ்வொரு கரண்டியாகப் புகட்டப் புகட்ட, சில மணி நேரத்தில் குழந்தை கண் திறந்து தாயின் சேலையைப் பற்றி இழுத்தது.

இரண்டாம் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பையன். சில வாரங்களாகவே அவனுக்குத் தணியாத தாகம். இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தான். வயிறார உண்டும் மெலிந்துகொண்டே வந்தான். "வெயில் காலம், பிள்ளை சோர்ந்துவிட்டான்" என்றெண்ணிய அவனுடைய தாய் குளுகோஸ் கரைத்த நீரையும் பழச்சாற்றையும் மாறி மாறிக் கொடுத்தார். ஒரு நாள் அவன் வாந்தியெடுத்தான், வயிறு வலிக்கிறதென்றான், மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் வாங்கிற்று. ஆஸ்துமாவோ என்று வீட்டார் ஐயுற்றனர். மருத்துவர் குனிந்து அவன் மூச்சை முகர்ந்தார். கனிந்து அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தவர், "நீரிழிவு, இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது" என்று கூறி உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்.

ஒரு வீட்டில் சர்க்கரை நீரைக் கொடுக்காதது பிழையாயிற்று. மற்றொரு வீட்டில் கொடுத்தது பிழையாயிற்று. இரு தாய்மாரும் அன்பினால்தான் அவ்வாறு செய்தார்கள். அன்பில் குறையில்லை, உடலின் கணக்கை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்தாம் இல்லை. அந்தக் கணக்கை நம் இல்லத்தார் அனைவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுடரில்லாத நெருப்பு

உண்ட உணவு உடலில் என்ன ஆகிறது? "எரிகிறது" என்று முதன்முதலில் அளந்து காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் லவாசியே. 1780-களின் தொடக்கத்தில் அவரும் லப்லாஸ் என்ற கணித மேதையும் சேர்ந்து, ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்தார்கள். அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனி உருகிற்று, அது எவ்வளவு கரியமில வாயுவை வெளிவிட்டது என்று அளந்தார்கள். கரி எரியும்போது வரும் கணக்கோடு அதை ஒப்பிட்டபோது இரண்டும் ஏறக்குறைய ஒத்துவந்தன. மூச்சுவிடுதல் என்பது மெதுவாக நடைபெறும் எரிதலே என்ற உண்மை அன்று வெளிப்பட்டது.

ஆயினும் நம் அடுப்பில் எரியும் நெருப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. உடலின் நெருப்புக்குச் சுடரில்லை. 37 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே அது எரிகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உணவை எரிக்கும் ஒருவரின் உடல், ஏறத்தாழ 100 வாட் மின்விளக்கு ஒன்று இரவும் பகலும் செலவிடும் ஆற்றலைச் செலவிடுகிறது. நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயுள்ள மூளை, ஓய்வு நேரத்தில் அந்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தனக்கென எடுத்துக்கொள்கிறது.

காலையில் நாம் உண்ணும் இட்டலியையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள மாவுச்சத்து குடலில் குளுகோஸ் என்ற எளிய சர்க்கரையாகப் பிரிந்து இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் அதை உயிரணுக்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. அங்கே அது ஒரேயடியாக எரிந்துவிடுவதில்லை. நொதிகள் அதைப் படிப்படியாகப் பிரிக்கின்றன. உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலைகளில் இவ்வேலையின் பெரும்பகுதி நடைபெறுகிறது. அங்கு நிகழும் வேதியியல் சுழற்சியை 1937-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஹான்ஸ் கிரெப்ஸ். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் கடைசிப் படியில் வந்து சேர்ந்து நீராக மாறுகிறது. அந்தக் கடைசிப் படியை அடைத்துவிடுவதால்தான் சயனைடு நஞ்சு சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கிறது.

இவ்வாறு கிடைக்கும் ஆற்றலை உடல் எந்த வடிவில் வைத்துக்கொள்கிறது? கையில் 500 ரூபாய்த் தாள் இருந்தாலும் பேருந்தில் ஏறச் சில்லறை வேண்டுமல்லவா? குளுகோஸ் பெரிய தாள், ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட் சில்லறை. தசை சுருங்கவும், நரம்பு பேசவும், இதயம் துடிக்கவும் இந்தச் சில்லறையே செலவாகிறது. ஒரு குளுகோஸ் மூலக்கூறை மாற்றினால் 38 ஏ.டி.பி. கிடைக்கும் என்று நம்மில் பலர் பள்ளியில் படித்திருப்போம். இன்றைய கணக்கு 30 முதல் 32 வரை என்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் மாற்றினால் கிடைப்பது இரண்டே இரண்டு. நம் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி.யின் அளவு மிகச் சிறிது. ஆனால் செலவாகிச் செலவாகி மீண்டும் மீண்டும் உருவாவதால், ஒரே நாளில் புழங்கும் மொத்தம் ஏறத்தாழ நம் உடலின் எடைக்கே ஈடாகும்.

இந்த ஏ.டி.பி.யை 1929-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவர் கண்டறிந்தார். அதே காலத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிஸ்க் என்பவரோடு சேர்ந்து தனியே அதைக் கண்டறிந்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியப் பணியும் ஆற்றி, 1922-இல் கடல் கடந்தவர் அவர். நம் பிள்ளைகள் ஏ.டி.பி. என்று பாடம் படிக்கும்போது இப்பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது தகும்.

புகை எங்கே போகிறது?

எரியும் அடுப்புக்குப் புகைபோக்கி வேண்டும். நம் உடலின் புகை கரியமில வாயு. நாள்தோறும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அளவு அது உண்டாகிறது. நீரில் கரைந்தால் அது அமிலமாகும். சோடாத் தண்ணீரின் புளிப்பு அதுதான். ஆகவே வாழ்வதென்றால் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதென்று பொருள்.

அமிலத்தின் அளவைக் குறிக்க 1909-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு வேதியியலார் சோரன்சன் பி.எச். என்ற அளவுகோலை வகுத்தார். தூய நீர் 7. எலுமிச்சைச் சாறு சுமார் 2. எண் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிற்றென்று பொருள். நம் இரத்தத்தின் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கவேண்டும். 6.8-க்குக் கீழே இறங்கினாலும் 7.8-க்கு மேலே ஏறினாலும் உயிர் நெடுநேரம் தங்காது. ஏனெனில் முன்பு சொன்ன நொதிகள் யாவும் இந்தக் குறுகிய எல்லைக்குள்தான் தம் உருவம் கெடாமல் வேலை செய்யும்.

இவ்வெல்லையைக் காக்க மூன்று காவலர்கள் உண்டு. முதற்காவல் இரத்தத்திலேயே கரைந்துள்ள பைகார்பனேட் என்ற காரப்பொருள். அமிலம் வந்த நொடியே அதைப் பற்றிக்கொள்ளும். இரண்டாவது, நுரையீரல். அமிலம் கூடினால் மூளை அதை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்தும். கரியமில வாயு வெளியேறும். சில நிமிடங்களில் நிலைமை சீராகும். மூன்றாவது, சிறுநீரகம். அது நிதானமாகச் சில மணி நேரம் முதல் சில நாள் வரை எடுத்துக்கொண்டு, அமிலத்தைச் சிறுநீரில் தள்ளி, செலவான பைகார்பனேட்டைப் புதிதாக உண்டாக்கித் தரும். நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, மற்றதையெல்லாம் மீட்டுத் தருவது இதே சிறுநீரகம்தான்.

மூச்சை அடக்கிப் பார்த்தால் சற்று நேரத்தில் தாங்கமுடியாத தவிப்பு உண்டாகிறது. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதாலன்று, பெரும்பாலும் கரியமில வாயு தேங்கி அமிலம் கூடியதால்தான் அத்தவிப்பு. அதாவது, இரண்டாம் காவலர் கதவைத் தட்டுகிறார்.

களஞ்சியமும் சாவியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த கிளாட் பெர்னார்டு என்ற உடலியல் அறிஞர், நம் உயிரணுக்கள் வெளியுலகில் வாழவில்லை, உடலுக்குள் இருக்கும் நீரில்தான் வாழ்கின்றன என்று எடுத்துரைத்தார். வெளியே பனி பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் அந்த உள்நீரின் உப்பும் சர்க்கரையும் வெப்பமும் மாறாதிருக்கவேண்டும் என்பது அவர் கண்ட உண்மை. இச்சமநிலைக்குப் பின்னாளில் பெயர் சூட்டியவர் அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன். 1932-இல் அவர் எழுதிய நூலுக்கு 'உடலின் ஞானம்' என்று பொருள்படும் தலைப்பைத் தந்தார்.

அந்த ஞானத்தைச் சர்க்கரையில் காணலாம். உண்ணாத வேளையில் நம் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் குளுகோஸ் இருக்கும். வளர்ந்தவருக்கு ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம். கணக்கிட்டுப் பார்த்தால், உடலின் இரத்தம் முழுவதிலும் இருப்பது ஐந்து கிராமுக்கு மிகாத சர்க்கரை. ஒரே ஒரு தேக்கரண்டி! ஆனால் மூளை மட்டுமே நாளொன்றுக்கு 120 கிராம் அளவு கேட்கிறது. ஒரு தேக்கரண்டியை வைத்துக்கொண்டு இக்குடும்பம் எப்படி நடக்கிறது?

கல்லீரல் என்னும் குதிர் இருப்பதால்தான். உண்டபின் சர்க்கரை பெருகும்போது கணையம் இன்சுலின் என்ற சுரப்பை வெளியிடுகிறது. அது தசைகளுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் கதவு திறக்கும் சாவி. கல்லீரலுக்கோ "சேமித்துவை" என்னும் ஆணை. சர்க்கரை குறையும்போது அதே கணையம் குளுகாகான் என்ற மற்றொரு சுரப்பை அனுப்பிக் குதிரைத் திறக்கச் செய்கிறது. குதிரில் உள்ளது ஏறக்குறைய 100 கிராம். அது தீர்ந்தால் கொழுப்பை எரிக்க வேண்டும். அப்போது கல்லீரல் கொழுப்பைக் கீட்டோன் என்ற பொருளாக மாற்றித் தருகிறது; மூளையும் அதை ஏற்றுக்கொள்கிறது. ஒரு நாள் உண்ணாதிருப்பவர் உடலில் சிறிதளவு கீட்டோன் காணப்படுவது இயல்பே. அதில் அஞ்ச ஒன்றுமில்லை.

பையனுக்கு நேர்ந்தது

இப்போது இரண்டாம் வீட்டுக்குத் திரும்புவோம். அந்தப் பையனின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அவனுடைய உடலின் தற்காப்புப் படையே பகையென்று மயங்கி அழித்துவிட்டிருந்தது. சாவி தொலைந்துபோயிற்று. இரத்தத்தில் சர்க்கரை தேங்கிக் கிடந்தது; உயிரணுக்களோ பட்டினி கிடந்தன. அளவு மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் வழிந்தது. அது தன்னோடு நீரையும் இழுத்துச் சென்றது. அடிக்கடி சிறுநீர் கழித்ததும் தாகம் தணியாததும் அதனாலேயே. தாய் கொடுத்த குளுகோஸ் நீர், நிரம்பி வழியும் குளத்தில் மேலும் ஊற்றிய நீராயிற்று.

பசித்த உடல் கொழுப்பை உடைத்தது. இன்சுலின் என்னும் கடிவாளம் இல்லாததால் கட்டுக்கடங்காமல் உடைத்தது. கீட்டோன்கள் மலைபோல் குவிந்தன. அவை அமிலங்கள். முதற்காவலாகிய பைகார்பனேட் தீர்ந்துபோயிற்று. இரண்டாம் காவலாகிய நுரையீரல் முழு மூச்சாய்ப் போராடிற்று. வீட்டார் ஆஸ்துமா என்று எண்ணிய அந்த ஆழ்ந்த மூச்சை, நீரிழிவின் இறுதி மயக்கத்தோடு தொடர்புபடுத்தி 1874-ஆம் ஆண்டிலேயே விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் அடோல்ப் குஸ்மால். பழ வாடையோ, மூச்சோடு வெளியேறிய அசிட்டோன்.

நூறாண்டுகளுக்கு முன்பாயின் அவன் கதை அத்தோடு முடிந்திருக்கும். 1921-ஆம் ஆண்டில் கனடாவின் டொரான்டோ நகரில், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் கணையத்திலிருந்து சாறெடுக்க முயன்றனர். காலிப் என்பவர் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரி 11-ஆம் நாள், பதினான்கு வயது லெனார்டு தாம்சன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது தூய்மை குறைந்ததாதலால் போதிய பயன் தரவில்லை. ஜனவரி 23 முதல் தூய்மையான மருந்து கொடுக்கப்பட்டபோது சர்க்கரை இறங்கிற்று; கீட்டோன்கள் மறைந்தன. அச்சிறுவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

குழந்தைக்கு நேர்ந்தது

முதல் வீட்டுக் குழந்தையின் கணக்கு வேறு. வயிற்றுப்போக்கில் வெளியேறுவது வெறும் நீரன்று. சோடியம், பொட்டாசியம் என்னும் உப்புகளும், முன்பு சொன்ன பைகார்பனேட்டும் அதோடு போகின்றன. இரத்தம் வற்றுகிறது, அமிலமும் கூடுகிறது. வெறும் நீரைக் கொடுத்தால் இழந்த உப்பு ஈடாகாது. உப்புநீரை மட்டும் கொடுத்தால் நோயுற்ற குடல் அதைச் சரிவர உறிஞ்சாது.

குடற்சுவரில் ஒரு வாயில் உண்டு. குளுகோசும் சோடியமும் கைகோத்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும்; அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்லும். 1960-ஆம் ஆண்டில் இராபர்ட் கிரேன் என்ற அறிஞர் இக்கருத்தை வெளியிட்டார். கடுமையான பேதியிலும் பெரும்பாலும் இவ்வாயில் பழுதுபடுவதில்லை. ஆகவே இங்கே சர்க்கரை ஆற்றலுக்காக மட்டுமன்று. உப்பையும் நீரையும் உள்ளே அழைத்துச் செல்லும் துணையாகவும் பயன்படுகிறது.

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் எல்லையிலுள்ள பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துவிடும் நிலை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுகோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பிவைத்து, நோயாளிகளின் உறவினரையே எடுத்துப் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, அவரது கண்காணிப்பில் இருந்தவரிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழாகக் குறைந்தது. பின்னர் உலகமெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்தது இந்நீரே.

இல்லத்தார் அறியவேண்டியவை

பொட்டலத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியே சிறந்தது. பொட்டலத்தில் குறித்த அளவுத் தூய நீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். அதிலுள்ள சிட்ரேட் என்ற பொருள் இரத்தத்தின் அமிலத்தை மாற்ற உதவுகிறது. பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். அளவு மிகலாகாது. சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். உப்பு மிகுந்தால் ஆபத்து. கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றாகா. தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக்கூடாது. குழந்தை மயங்கிக் கிடந்தாலும், குடிக்க மறுத்தாலும், பல மணி நேரம் சிறுநீர் கழியாவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

அதுபோலவே, பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடித்தாலோ, அடிக்கடி சிறுநீர் கழித்தாலோ, படுக்கையை நனைக்கும் வழக்கம் விட்டுப்போன பிள்ளை மீண்டும் நனைத்தாலோ, உண்டும் மெலிந்தாலோ, "வளர்கிற வயது" என்று சொல்லி விட்டுவிடலாகாது. அன்றைக்கே ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். வாந்தியும் ஆழ்ந்த மூச்சும் கண்டால் ஒரு மணி நேரமும் வீணாக்கலாகாது.

அந்தப் பையனின் தாய் மருத்துவமனை வாசலில் நம்மைக் கண்டதும், "நான் கொடுத்த இனிப்பாலா ஐயா இது வந்தது?" என்று கேட்டு அழுதார். இல்லை, இவ்வகை நீரிழிவு இனிப்பு தின்பதால் வருவதன்று என்று மருத்துவரே வந்து விளக்கிச் சொன்ன பிறகுதான் அவர் தேறினார். மூன்றாம் நாள், நரம்பு வழியே உப்புநீரும் இன்சுலினும் அளந்து அளந்து ஏற்றப்பட்டபின், பையனின் மூச்சு அமைதியுற்றது. அவன் இப்போது தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறான். பள்ளியில் பந்தும் ஆடுகிறான். சேலையைப் பற்றி இழுத்த அக்குழந்தையோ இன்று தெருவெல்லாம் ஓடித் திரிகிறது. அதன் பாட்டனார் தம் வீட்டு அடுக்களை அலமாரியில் நான்கு பொட்டலங்களை எப்போதும் வைத்திருக்கிறார். அக்கம்பக்கத்தில் எந்தக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று கேள்விப்பட்டாலும், முதலில் எழுந்து செல்பவர் அவரே.